சந்தைக்கு வெளியே நிற்பவர்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்பொழுது பாய் வணிகம் செய்து வருகிறார். தாமிரவருணிக் கரைக் கோரையைக் கொண்டு பத்தமடையில் நம் பெண்கள் நெய்யும் பாய்களை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். கடை என்று சொல்லிக்கொள்ளப் பெரிய கட்டடம் ஏதுமில்லை; ஓர் அறை, ஒரு கைப்பேசி, துணைக்கு இருவர், அவ்வளவுதான். சென்ற ஷஃபான் மாதத்தில் நம்மைக் காண வந்தவர், நலம் விசாரித்து முடிந்ததும், "ஹஸரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது இது. கூகுளில் மக்கள் தேடும் சொற்களுக்கு விலை கொடுத்தால், அச்சொல்லைத் தேடுவோரின் கண்ணில் நம் கடை முதலில் படும். அவ்வூரில் இருபது ஆண்டுகளாக அதே தொழிலில் இருக்கும் மற்றொருவரின் கடைப் பெயரையே இவர் விலை பேசி வைத்திருக்கிறார். அந்தப் பெரியவரைத் தேடுவோருக்கு முதலில் இவருடைய கடையே தென்படுகிறது. "சட்டம் தடுக்கவில்லை என்கிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது?"

உடனே விடை பகர நமக்கு இயலவில்லை. ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புரைப்பது அதனை உள்ளபடி அறிந்த பின்னரே என்பது மதரஸாவின் பாலபாடம் அன்றோ? ஆகவே சில நாள் தவணை கேட்டு, இத்தொழிலின் உள்ளமைப்பைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம்.

கூகுளின் தொடக்கம் நமக்கு மிகவும் பழகிய ஒரு கலையை நினைவூட்டியது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதனை அமைத்தபோது, ஒரு பக்கத்தின் மதிப்பை அப்பக்கம் தன்னைப் பற்றிக் கூறுவதைக் கொண்டு மட்டும் அளக்கவில்லை. பிற பக்கங்கள் எத்தனை அதனைச் சுட்டுகின்றன, சுட்டுகின்றவற்றின் தகுதி என்ன என்று பார்த்தனர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை நம் முன்னோர் ஆராய்ந்ததும் இவ்வாறே: சொல்லப்பட்டது என்ன என்பதோடு, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்பதையும் கேட்டனர். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே ஈமானும் நினைவாற்றலும் சோதிக்கப்பட்டன, இங்கே ஓர் இயந்திரம் கணக்கிடுகிறது. எனினும் சாட்சியை எடை போடுவது என்ற வேர் ஒன்றுதான். ஹதீஸைப் புனைந்தோர் தோன்றியது போல, இங்கும் சுட்டுதல்களை விலைக்கு விற்போர் தோன்றினர். தம் கடையைத் தாமே புகழ்ந்து பிறர் பெயரில் விமர்சனம் எழுதுவோரும், அதற்கெனக் கூலி வாங்கிக்கொண்டு எழுதுவோரும் பெருகினர். இவர்களைப் பற்றி ஆராய வேண்டியதே இல்லை. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லி வருகையில், சாய்ந்திருந்த நபிபெருமானார் (ஸல்) அவர்கள் பொய்ச் சாட்சியைக் கூறுமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதனைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் எனப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வாங்காத பாய்க்கு ஐந்து நட்சத்திரம் இடுபவரும் சாட்சி சொல்பவரே.

இனி ஏலத்திற்கு வருவோம். 1998இல் கோடூ என்ற அமெரிக்க நிறுவனம் தேடுசொற்களை ஏலம் விடத் தொடங்கியது. கூகுள் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தன் விளம்பர முறையைத் திறந்தது. வியப்பு யாதெனில், அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் அவ்விருவரும் எழுதிய ஆய்வுரையிலேயே, விளம்பரத்தால் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடுவோரின் தேவையினின்று விலகும் என்று எச்சரித்திருந்தனர். தம் பேனாவால் எழுதியதைத் தம் வணிகமே மறக்கச் செய்தது போலும்!

அந்த ஏலத்தில் மிகுதியாகக் கேட்டவருக்கே முதலிடம் என்பதில்லை. கேட்ட விலையோடு விளம்பரத்தின் பொருத்தமும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. யாரேனும் அதனைச் சொடுக்கினால் மட்டுமே பணம்; அப்பணமும் தமக்கு அடுத்தவரை முந்துவதற்குத் தேவையான அளவைப் பொறுத்தே அமைகிறது.

ஏலம் என்பது கூடாத ஒன்றன்று. யாசிக்க வந்த அன்ஸாரி ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொணரச் செய்து, நாயகம் (ஸல்) அவர்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்க, கூட்டிக் கேட்பார் உண்டா என்று வினவி, இரண்டு திர்ஹத்திற்குக் கொடுத்தார்கள். ஒன்று வீட்டாரின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. விறகு வெட்டி விற்ற அவர் பதினைந்து நாள் கழித்துப் பத்து திர்ஹத்தோடு திரும்பினார் என அபூதாவூதில் காண்கிறோம். இரண்டு திர்ஹத்தில் தொடங்கிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நம் ஊர்ச் சிறுவணிகர்களின் முகங்களே நமக்குத் தோன்றுகின்றன.

ஏலத்தில் விலக்கப்பட்டது 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமின்றி, பிறர் மிகுதியாகக் கொடுக்கட்டும் என்று விலையை ஏற்றுவதே அது. தமக்கு வேண்டாத சொல்லுக்கும் உயர்ந்த விலை கேட்டு, போட்டியாளரின் பணத்தைக் கரைப்பவர் செய்வது இதுவேயன்றி வேறன்று. அவருடைய விளம்பரத்தைத் தாமே சொடுக்கிச் சொடுக்கிச் செலவை ஏற்றுவதோ, பிறர் பொருளை அழிப்பதாகும். அதற்கு ஈடு கட்டும் கடமையும் உண்டு.

மாணவரின் கேள்வி இவற்றில் அடங்கவில்லை. அது வேறு வகை. ஒருவர் செய்த வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் செய்யலாகாது என்ற நபிமொழியை முதலில் எண்ணினோம். ஆனால் நம் ஷாஃபிஈ அறிஞர்கள் அதனை, பேரம் முடிந்து, முறிக்கும் உரிமை இன்னும் எஞ்சியிருக்கும் நிலைக்கே கூறுகின்றனர். கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டியவர் இன்னும் எதையும் வாங்கிவிடவில்லை. ஆகவே இவ்விதி நேராகப் பொருந்தாது.

அடுத்து நினைவுக்கு வந்தது, சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதற்கு நாயகம் (ஸல்) விதித்த தடை. இதன் காரணத்தில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். சந்தை விலை அறியாத அயலூர் வணிகர் ஏமாறக்கூடாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நோக்கு. சந்தையில் இருப்போருக்கு நட்டம் நேரக்கூடாது என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நோக்கு. இங்கே வழியில் நிற்பவர் விற்பவர், வருபவரோ வாங்குபவர். நிலை தலைகீழ்தான். ஆயினும் அறியாமையால் ஒருவர் இழப்பது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. பெரியவரின் கடை என்று நினைத்து ஒருவர் இவருடைய பக்கத்தில் நுழைந்து பணம் செலுத்தினால், அந்த அறியாமையில் இவர் பங்கு கொள்கிறார்.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இங்கேயே கோடு கிழித்திருக்கிறது. பிறர் வணிகப் பெயரைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே உரிமை மீறலாகாது, குழப்பம் விளைந்தால்தான் குற்றம் என்பதே 2023 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். தேடுபொறி நிறுவனம் வெறும் பார்வையாளர் அன்று என்றும் அது கருதியது.

எனவே மாணவரிடம் இவ்வாறு கூறினோம்: "விளம்பரத்தில் உம் பெயர் தெளிவாக இருந்து, அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லாமல், பார்ப்பவர் மயங்க இடமில்லையெனில், ஹராம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். அப்பெயரை மக்கள் தேடுவது எதனால்? இருபது ஆண்டுகள் அவர் நல்ல பாய் கொடுத்ததனால். அந்த இருபது ஆண்டில் உம் உழைப்பு எவ்வளவு?" அவர் தலை குனிந்தார். பத்தமடைப் பாய் என்ற சொல்லை அவர் தாராளமாக விலை பேசட்டும். அஃது ஊருக்கெல்லாம் பொது. ஆனால் அப்பெயரைக் காட்டி பிளாஸ்டிக் பாயை அனுப்பினால், மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் ஈரத்தை மறைத்தவரின் கதைதான்.

அன்றிரவே அப்பெயரை நீக்கிவிட்டதாகத் தெரிவித்தார். விசாரணைகள் குறைந்துவிட்டன என்பதையும் மறைக்கவில்லை. அந்த இழப்பு சிறிதன்று. அவரிடம் பாய் கொடுக்கும் வீடுகளுக்கும் அதில் பங்குண்டு. தீர்ப்புச் சொல்பவருக்குச் செலவில்லை என்பது நம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஷவ்வாலில் மீண்டும் வந்தார். இப்போது அவருடைய விளம்பரத்தையே யாரோ வீணாகச் சொடுக்கி, அன்றாடம் ஒதுக்கும் பணம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறதாம். இத்தகைய சொடுக்குகளை நிறுவனம் கண்டறிந்து கழிக்கிறது; ஆயினும் எல்லாம் அகப்படுவதில்லை என்றார். அந்தப் பெரியவர்தான் செய்கிறார் என்பது அவர் எண்ணம்.

"கண்டீரா?"

"இல்லை, ஹஸரத்."

"அவர் வீடு எங்கே?"

"மூன்று தெரு தள்ளி."

"அவரோடு பேசியதுண்டா?"

ஜும்ஆவில் ஸலாம் சொல்வதோடு சரி என்றார். இணையத்தில் ஆயிரம் பேரோடு தொடர்பு வளர்க்க வழி கற்றுக்கொண்டவர், திருமண விருந்துகளில் முகவரி அட்டை நீட்டத் தவறாதவர், ஒரே தொழில் செய்யும் ஒரே மஹல்லாக்காரரோடு இதுவரை ஒரு வாய் தேநீர் அருந்தியதில்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போய், அவர் பெயரை விலை பேசியிருந்ததைச் சொல்லிவிட்டு வரும்படி கூறினோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, போவதாகச் சொல்லி எழுந்தார். போனாரா என்று நாம் இன்னும் கேட்கவில்லை.