கற்ற தொழில் யாருக்குச் சொந்தம்?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால், இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு வாலிபர் தலை குனிந்தபடி வந்தார். ஸலாம் சொல்லி அமர்ந்ததும் பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“ஹஜ்ரத், வந்த புதுசுல இந்தப் பிள்ளைக்கு ஒரு மீட்டர் துணியை நேராக் கிழிக்கத் தெரியாது. ஆறு வருஷம் என் கடையில வச்சு ஆளாக்கினேன். இப்ப நாலு கடை தள்ளி, அதே தெருவுல தனிக்கடை போடப் போறானாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய மார்க்கத்துல இடமிருக்கா?”

வாலிபர் மெதுவாகச் சொன்னார்: “முதலாளி சொல்றதுல பொய் இல்ல ஹஜ்ரத். ஆனா அந்த ஆறு வருஷத்துல முதல் ரெண்டு வருஷம் எனக்குச் சம்பளம் கிடையாது. தொழில் கத்துக்க வந்தவனுக்கு என்ன சம்பளம்னு சொல்லிட்டாங்க. மதியச் சோறும், பெருநாளைக்கு ஒரு சட்டையும்தான்.”

இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று இருவரையும் அனுப்பி வைத்தேன். கிதாபுகளைப் புரட்டிப் பார்ப்பதற்காக மட்டும் அவகாசம் கேட்கவில்லை. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவர் நியாயத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

அன்பர்களே! பிறரிடம் வேலை பார்த்துத் தொழில் பழகுவது இழிவல்ல. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்திருக்கிறார்கள். ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்றும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 25-வது வயதில், கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்கை எடுத்துக்கொண்டு ஷாம் தேசத்துக்கு வியாபாரப் பயணம் போனார்கள். சரக்கு அம்மையாருடையது, உழைப்பும் நாணயமும் பெருமானாருடையவை. நபி மூஸா (அலை) அவர்களோ மத்யன் நகரப் பெரியவர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். ஆகவே, “டிகிரி முடித்துவிட்டு இன்னொருவன் கடையில் நிற்பதா?” என்று கூசுகிற தம்பிமார்கள் அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும்.

சரி, அப்படி நின்று பழகிய பழக்கம் யாருடையது? கற்றுக் கொடுத்தவருடையதா, கற்றுக்கொண்டவனுடையதா?

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் வியாபாரியாக இருந்தவர்கள். சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாவினரின் சந்தைக்குப் போய், நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று, அன்றே லாபத்தோடு திரும்பினார்கள். மக்காவாசிகளால் முஹாஜிர்களின் வீட்டைப் பறிக்க முடிந்தது. தோட்டத்தைப் பறிக்க முடிந்தது. சரக்கைப் பார்த்த மாத்திரத்தில் அதன் விலை சொல்லத் தெரிந்த அந்தக் கண்ணைப் பறிக்க முடியவில்லை!

இது பழங்கதையன்று. 1964-இல் பர்மாவில் கடைகளை அந்நாட்டு சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த நம் மக்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜார் அவ்விதம் திரும்பி வந்தவர்களால் உண்டானதுதான். முதலை இழந்து வந்தவர்களுக்கு முதலாக நின்றது, அவர்கள் பழகி வைத்திருந்த தொழிலே.

ஆக, கையும் கண்ணும் கற்றுக்கொண்டது மனிதனின் சொந்தம். எசமான் அதைக் கொடுத்ததால் அவரிடம் அது குறைந்துவிடவில்லை. பிரிந்து போகிறவன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவும் முடியாது. நம் நாட்டுச் சட்டமும் இதை ஒட்டியே இருக்கிறது. ஒருவன் நியாயமான தொழில் எதையும் செய்யக்கூடாதென்று தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே பெரியவரின் முதல் கேள்விக்குப் பதில்: தனிக்கடை போடுவது இரண்டகம் ஆகாது.

ஆனால் வாலிபர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கடையில் ஒருவன் கற்றது வேறு. கடையில் அவனை நம்பி ஒப்படைத்தது வேறு. சாயம் நிற்குமா என்று ஈரக்கைக்குட்டையால் துணியைத் தேய்த்துப் பார்க்கத் தெரிந்தது, கற்றது. யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய பேரேடு, ஒப்படைத்தது. வாங்க வந்தவரின் முகக்குறி அறிந்து பேசத் தெரிந்தது, கற்றது. மொத்த வியாபாரி முதலாளிக்கென்று தனியாகச் சொன்ன விலை, ஒப்படைத்தது. முன்னது உரிமை, பின்னது அமானத். பேரேட்டைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வெளியே போகிறவன், கல்லாவில் கைவைத்தவனுக்கு எந்த வகையிலும் குறைந்தவனல்லன்.

வாடிக்கையாளர்களோ யாருடைய சொத்துமல்லர். அவர்கள் விரும்பிய கடைக்குப் போவார்கள். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கடையில் நிற்கும்போதே, “அடுத்த மாசம் நான் கடை வைக்கிறேன், அங்கே வாங்க, குறைச்சுத் தர்றேன்” என்று காதில் ஓதுவது கியானத். அந்த நேரம் அவன் நேரமல்ல. அதை அவன் விற்றுவிட்டான். விலகிய பிறகு அழைக்கலாம். அப்போதும் பழைய முதலாளியின் குறைகளை விற்றுத் தன் சரக்கை விற்கக்கூடாது.

இனி முதலாளியின் பக்கம் வருவோம். “அவன் கிழித்துப் பாழாக்கிய துணிக்கெல்லாம் நான்தானே நஷ்டப்பட்டேன்?” என்று பெரியவர் கேட்டார். கூலிக்கு வேலை செய்பவனின் கை அமானத்தான கை என்பது ஃபுகஹாக்களின் விளக்கம். வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ கெடுத்தாலன்றி அவன் ஈடு தரவேண்டியதில்லை. அவன் உழைப்பின் லாபம் முதலாளிக்குப் போவதுபோல், அவன் பழகும்போது வரும் நஷ்டமும் அவரையே சாரும். ஆம், பொறுத்துக்கொண்டாரே, அதற்கு அந்தப் பிள்ளை நன்றிக்கடன்பட்டவன்தான். ஆனால் நன்றிக்கடனை ஆள் அனுப்பி வசூலிக்க முடியாது. பட்டவன்தான் தேடி வந்து தரவேண்டும்.

அந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தின் கதை வேறு. கூலிக்கு அமர்த்தும் இஜாரா உடன்படிக்கையில் வேலையும் கூலியும் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். “பார்த்துச் செய்கிறேன்” என்பது கூலியாகாது. மத்யன் பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எவ்வளவு தெளிவாகப் பேசினார் என்பதைத் திருமறையின் 28-வது அத்தியாயத்தில் காணலாம். எட்டு ஆண்டு என்பது நிபந்தனை. அதைப் பத்தாக்கினால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். சிரமம் கொடுப்பது தம் நோக்கமல்ல என்றும் சொன்னார். காலம் எவ்வளவு, கட்டாயம் எது, உபகாரம் எது, எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது!

“தொழில் கற்றுத் தருவதே கூலி” என்று பேசலாமா? பேசலாம். ஆனால் எதை, எவ்வளவு காலத்தில் கற்றுத்தருவது என்று வரையறுத்திருக்க வேண்டும். வரையறுத்ததைக் கற்றுத் தரவும் வேண்டும். கடை கூட்டவும், தேநீர் வாங்கி வரவும், மூட்டை தூக்கவும் இரண்டு ஆண்டு வைத்துக்கொண்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால், உடன்படிக்கை பழுதாகிவிடுகிறது. அவ்விதம் பழுதானால், அந்த வேலைக்கு ஊரில் என்ன கொடுப்பார்களோ அந்த ‘அஜ்ருல் மிஸ்ல்’ கூலி கடனாக நிற்கும். இன்று பெரிய நகரங்களில் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் பட்டதாரிப் பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் ஊதியமின்றி முழுநேர வேலை வாங்குகிறவர்களும் இந்த மஸ்அலாவைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். முறைப்படி பதிவான தொழிற்பயிற்சிக்குக்கூட உதவித்தொகை தரவேண்டும் என்றுதான் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் சொல்கிறது.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு நாம் அறிந்ததுதான். மூன்றாமவர், கூலி வாங்காமல் போன ஒரு தொழிலாளியின் சொற்பத் தானியத்தைப் பேணி வளர்த்தார். ஆண்டுகள் கழித்து அவன் வந்து கேட்டபோது, ஆடும் மாடும் ஒட்டகமுமாகப் பெருகியிருந்த அனைத்தையும் அவனிடமே ஒப்படைத்தார். கேலி செய்கிறீர்களா என்று கேட்டான் அவன்! அந்த நற்செயலைச் சொல்லித் துஆக் கேட்டபோதுதான் குகைவாயின் பாறை முழுவதும் விலகியது. பெருகியதையெல்லாம் கொடுக்கும்படி நான் நம் முதலாளிமார்களிடம் கேட்கவில்லை. அந்தக் கூலியையாவது கொடுங்கள் என்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தபோது இவற்றைத்தான் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒரு தொகையை மூன்று தவணையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். வாலிபர், பழைய கடன் பாக்கிக்காரர்களை நாடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பெரியவர் முதல் போட்டு, வாலிபர் உழைத்து, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் முளாரபா முறையையும் எடுத்துச் சொன்னேன். இருவருமே விரும்பவில்லை. அது அவர்கள் உரிமை.

விவகாரம் தீர்ந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். நான்கைந்து நாள் கழித்து, இஷாவுக்குப் பிறகு அந்த வாலிபர் தனியாக வந்தார்.

“ஹஜ்ரத், கத்துக்கிட்டது எனக்குச் சொந்தம்னு சொன்னீங்க. இன்னொன்னும் கத்துக்கிட்டேன். மடிப்பு ஓரம் வெளுத்துப்போன துணியை நல்ல பக்கம் மேலே வர்ற மாதிரி மடிச்சு, விளக்கு வெளிச்சத்துல காட்டி விக்கறது. எல்லாக் கடையிலும் செய்யறதுதான்னு சொல்லித்தான் பழக்கினாங்க. நானும் நிறைய வித்திருக்கேன். அதுவும் எனக்குச் சொந்தமா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்ன எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் கூஃபாவில் ஜவுளி வியாபாரிதான். அவர்களின் கூட்டாளி, பழுதுள்ள ஒரு துணியை அந்தப் பழுதைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். விற்றது இமாமவர்களின் கையல்ல, கூட்டாளியின் கை. ஏமாற்றும் எண்ணமும் அங்கே இல்லை, மறதிதான். எனினும், ‘நான் விற்கவில்லையே’ என்று அவர்கள் ஒதுங்கவில்லை.

அந்த வாலிபரிடம் சொன்னேன்: “ஆமாம் தம்பி, அதுவும் உனக்குச் சொந்தம்தான். கைத்திறன் உன்னுடையது என்றால், அந்தக் கை செய்ததும் உன்னுடையதே. சொல்லிக் கொடுத்தவருக்கு அதில் பங்குண்டு. அதனால் உன் பங்கு குறையாது. வாங்கியவர் தெரிந்தவராக இருந்தால் போய்ச் சொல்லி, குறைந்த மதிப்பைக் கொடுத்து மாப்புக் கேள். யாரென்றே தெரியாவிட்டால் அவர்கள் பெயரால் ஸதகாச் செய். நாளைக்கு உன் கடைக்கும் ஒரு பையன் வேலை பழக வருவான். நீ வாயால் சொல்வதைவிட, நீ துணியை எப்படி மடிக்கிறாய் என்பதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.”

அன்புள்ள வாலிபர்களே! முதல் வேலை தேடும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். என்ன கற்கலாம் என்றும் கேட்கிறீர்கள், நல்லது. அந்தக் கடையில் அளவுகோல் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதையும் நான்கு நாள் நின்று பாருங்கள். இருபது வயதில் பழகிய கை அறுபது வயதிலும் அப்படியேதான் போகும். தெரியாமல் தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால், பழகிப்போகும் முன் வெளியே வாருங்கள்.

முதலாளிமார்களே! உங்களிடம் வரும் பிள்ளையோடு முதல் நாளே கூலியையும் காலத்தையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறை கற்பித்திருப்பது கடனாளிகளுக்கு மட்டும் பயன்படும் பாடமல்ல. அந்தப் பிள்ளை ஒருநாள் உங்களை விட்டுப் போகத்தான் போகிறான். போகும்போது எதை எடுத்துப் போவான் என்பது, அவனை நீங்கள் வைத்திருக்கும் இந்த ஆண்டுகளில்தான் முடிவாகிறது.

அந்த வாலிபரின் கடை இப்போது திறந்தாகிவிட்டது. சென்ற வாரம் அந்த வழியாகப் போனேன். வாசலில், பழுதுள்ள துணிகளைத் தனியாகக் குவித்து, பழுது இன்னதென்று அட்டையில் எழுதி, விலை குறைத்து வைத்திருந்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். “சுமார்தான் ஹஜ்ரத்” என்று சிரித்தார்.

அந்தச் சுமாரான வியாபாரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! கற்றதை ஹலாலாக உண்ணவும், ஒப்படைத்ததை மோசம் செய்யாமல் திருப்பிக் கொடுக்கவும் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.