தங்கக்கை யாருடையது?

நரிக்குடியில் ரயில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போகிறவர்கள் திருச்சுழியைத் தாண்டித்தான் போக வேண்டும். பூமிநாதர் கோயில் உள்ள அந்த ஊரில் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமனை உலகம் ரமண மகரிஷி என்று அறியும். கோவணத்துடன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவர் பள்ளிப் பருவத்தில் கால்பந்தும் மல்யுத்தமும் நீச்சலுமாகத் திரிந்தவர் என்பது வியப்பாக இருக்கலாம். மதுரையில் படித்த நாட்களில் அவர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அந்தப் பக்கமே ஜெயித்ததாம். அதனால் கூட்டாளிகள் அவருக்கு ‘தங்கக்கை’ என்று பெயர் வைத்தார்கள்.

பதினாறு வயதில், 1896-ல், அதே பையன் மதுரை வீட்டு மாடியில் திடீரென மரண பயத்தில் சிக்கினான். கை கால்களை நீட்டிப் பிணம்போல் படுத்து, சாவது எது என்று தன்னையே கேட்டான். அந்த விசாரணையின் முடிவில், உடம்பு தான் அல்ல என்று அவனுக்குத் தெளிந்தது. அப்படியானால் பந்தை உதைத்தது யார்? ராசிக்காரன் என்று பெயர் வாங்கியது யார்?

இந்தக் கேள்வியை மேலும் சிக்கலாக்குவது 1898 டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்ட மகனைத் திரும்ப அழைத்துப் போகத் தாய் அழகம்மாள் அங்கே வந்து அழுதார். மௌனமாக இருந்த மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவரவர் பிராரப்தப்படி, அதாவது முன்வினைப்படி, ஈசன் ஆட்டுவிக்கிறான், நடவாதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது என்ன தடுத்தாலும் நிற்காது என்பது அதன் சாரம்.

வானம் பார்த்த பூமியில் இந்தச் சொல்லுக்குக் காது கொடுக்க ஆள் நிறைய. மழை பொய்த்தாலும் தலையெழுத்து, பரீட்சையில் தவறினாலும் தலையெழுத்து. ஆனால் எல்லாம் எழுதி முடிந்த கணக்கு என்றால் விளையாட்டுப் போட்டிக்கே பொருள் இல்லை. முடிவு ஏற்கெனவே தீர்ந்த ஆட்டத்துக்கு ஒருவன் ஏன் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும்?

இதற்குப் பதில் தேட ஜகார்த்தாவுக்குப் போகலாம். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கால்பந்தில் இந்தியா தன் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றது, ஆனால் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் சையது அப்துல் ரகீமின் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு ஊரே எதிரியானது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்தியாவின் விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால், இந்தியக் கொடியைக் கண்டாலே அரங்கில் கூச்சல் எழுந்தது.

அடிபட்டதும் நோய் வந்ததும் கூட்டம் பகைத்ததும் எவர் கையிலும் இல்லாதவை. வேண்டுமானால் அவற்றைப் பிராரப்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ரகீம் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். தலையில் தையலோடு பின்வரிசையில் ஆடுவது கஷ்டம் என்றதும் அவர் ஜர்னைலை வீட்டுக்கு அனுப்பவில்லை. தாக்கும் வரிசையின் நடுவில் நிறுத்தினார். தெற்கு வியட்நாமுடன் நடந்த அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார், இந்தியா 3-2 என வென்றது. இறுதியாட்டத்துக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் கோல் கம்பங்களுக்கிடையே நிறுத்தினார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த நெட்டை மனிதர் தங்கராஜ்.

செப்டம்பர் 4. எதிரில் மீண்டும் தென்கொரியா. 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20-வது நிமிடத்தில் ஜர்னைல். கடைசியில் கொரியா ஒன்று போட்டும் இந்தியா 2-1 என்று தங்கம் பெற்றது. ஊளையிட்ட அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஹாக்கியில் இந்தியாவைத் தோற்கடித்திருந்த பாகிஸ்தான் வீரர்கள் இந்தியாவுக்காகக் கைதட்டியதை நம் வீரர்கள் பிற்காலத்தில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தங்கம் யாருடையது? ஜர்னைல் சீக்கியர், தங்கராஜ் கிறிஸ்தவர், ரகீம் முஸ்லிம், அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இந்து. கொரியர்களுக்கும் அவரவர் நம்பிக்கை இருந்திருக்கும். கடவுள் ஒரு பக்கத்தின் வேண்டுதலைக் கேட்டு மறு பக்கத்தைக் கைவிட்டார் என்று சொல்வது கடவுளைச் சிறுமைப்படுத்துவது. ‘நான் வென்றேன்’ என்று எவராலும் தனித்துச் சொல்லவும் முடியாது. அரையிறுதி வரை அணியைக் கொண்டுவந்துவிட்டு, இறுதியாட்டத்தில் வெளியே அமர்ந்த கோல்காப்பாளர் பிரத்யுத் பர்மனுக்கு அதில் பங்கில்லையா?

ரமணரைச் சரியாகப் படித்தவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். நான் செய்கிறேன் என்ற எண்ணம் உள்ளவரை முயற்சி வேண்டும் என்று அவர் அன்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். விதி பெரிதா மதி பெரிதா என்ற வழக்கு, இரண்டுக்கும் வேரான ‘நான்’ யாரென்று அறியாதவர்களுக்கே உரியது என்பது அவர் நிலை. முயற்சியை விடு என்று அவர் சொன்னதில்லை, முயற்சிக்கு உரிமை கொண்டாடுவதைத்தான் விடச் சொன்னார். நரிக்குடிப் பக்கத்து விவசாயி மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு செய்வதும் இப்படித்தான். மேகம் அவன் வசத்தில் இல்லை, ஆனால் விதைக்காதவனுக்கு மழை வந்தும் பயனில்லை.

ஆன்மிகத்துக்கும் ஆட்டத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1897-ல் பாம்பனில் இறங்கி, இந்த வட்டாரத்தை ஒட்டிப் பரமக்குடி, மானாமதுரை வழியாகச் சென்ற விவேகானந்தர், சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்தை நெருங்கலாம் என்று இளைஞர்களிடம் சொன்னார். இதைப் பலர் பாதியில் நறுக்கிவிடுகிறார்கள். உடம்பில் வலு ஏறினால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பதும் அவர் அங்கே சொன்னதுதான்.

ரகீம் 1963 ஜூன் 11-ஆம் தேதி மறைந்தார். ஆசிய விளையாட்டு ஆடவர் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வாங்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலத்தோடு பதக்கமும் நின்றுபோனது. பதக்கமில்லாத இந்த ஆண்டுகளையும் தலையெழுத்து என்று எழுதிவிடுவது எளிது. நரிக்குடி, திருச்சுழிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோற்று வரும் பையனிடம் ‘உன் விதி அவ்வளவுதான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்து ஊர்த் தங்கக்கையின் பெயரால் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.