கவலையும் தவக்குலும்



கம்பைநல்லூரில் நம் வீடுகளில் கவலைக்குக் குறைவில்லை. குளியலறைத் தரை வழுக்குகிறது. ஒளுச் செய்யப் போகும் பெரியவர்கள் விழுந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். அஞ்சிக்கொண்டே இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். எனவே சொரசொரப்பான கல்லைப் பதிப்போம். சுவரில் ஒரு கைப்பிடியும் வைப்போம். அதன்பின் கவலையை அவனிடம் விடுவோம்.

நம் கையால் ஆகாத காரியங்களும் உண்டு. தருமபுரிக்கோ சேலத்துக்கோ சென்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவர், அரைமணி நேரமோ அதற்கு மேலோ குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். காதருகே தடதடவென்ற ஓசை. அந்த இயந்திரம் வலிய காந்தமாதலால், உலோகத் தாயத்தையும் கழற்றச் சொல்வார்கள். மனம் திடுக்கிடும். காப்பது தகடல்ல, அல்லாஹ்வே! தயங்காமல் கழற்றுவோம். மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் நபி (அலை) அவர்களிடம் என்ன இருந்தது? இறைவனை அழைத்த துஆ ஒன்றுதானே! தலையை அசைக்கக் கூடாத நேரத்திலும் கல்பு திக்ரு செய்யலாம். அதை எந்த இயந்திரமும் தடுக்காது.

செய்ய வேண்டியதைச் செய்து, முடிவை அவனிடம் ஒப்படைக்கும் நல்லடியார்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.