காய்ந்த எண்ணெய்

இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம். "மனுஷன் தங்கம்தான், கொஞ்சம் சிடுசிடுப்பு" என்கிறோமே, அந்தச் சிடுசிடுப்பு.

வெளியே சாரல் விடாமல் பெய்கிற மாலையில் வீட்டில் பஜ்ஜி போடுகிறார்கள். ஈரக்கையிலிருந்து ஒரு சொட்டு, காய்ந்த எண்ணெயில் விழுகிறது. சிடுசிடுவென்று பொரிந்து கையில் தெறிக்கிறது. அதே சொட்டு ஆறிய எண்ணெயில் விழட்டும். சத்தமே இல்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படியானால் குற்றம் சொட்டிலா, சூட்டிலா? "காபி ஆறிவிட்டது, பையன் கத்தினான், அதனால்தான் சீறினேன்" என்கிறோம். எல்லாம் சொட்டுகளின் கணக்கு. அடுப்பை மூட்டியது யார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டோம்.

கோபத்துக்குப் பழைய பெயர் வெகுளி. நம் ஊரான இந்த வெலிங்டனுக்கும் முன்பு பக்கத்து ஊரான ஜெகதளாவின் பெயர்தான் வழங்கியது. ஊருக்குப் பெயர் மாறியதுபோல அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. இன்று வெகுளி என்றால் சூதுவாது அறியாதவர். தொல்காப்பியர் வெகுளியை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, அது பிறக்க நான்கு காரணம் சொன்னார்: உறுப்பை அறுப்பது, குடிக்குக் கேடு செய்வது, அலைக்கழிப்பது, கொல்வது. ஆறிப்போன காபிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். முதல் குறளிலேயே நம்மைப் பிடித்துவிடுகிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவனே அடக்குகிறவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார்.

இது பட்டாளத்து ஊர். உங்களுக்கு இது நன்றாகப் புரியும். அதிகாரி எத்தனை ஏசினாலும் விறைப்பாக நிற்கிறோம். அது ஒழுங்கு, வேண்டியதுதான். ஆனால் அதைப் பொறுமை என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது மனைவியிடம் என்ன குரலில் பேசுகிறோம்? சோதனை அங்கேதான். மலையில் பெய்த மழை மேலே ஏறுமா? சிடுசிடுப்பும் அப்படித்தான், பள்ளம் பார்த்தே பாயும்.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை நினையுங்கள். பகைவனான முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வந்து, சுவடிக்குள் மறைத்த கத்தியால் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். அரசர் ஒரு சொல் சொன்னால் போதும், தலை உருண்டிருக்கும். அவரோ, இவர் நம்மவர் என்று தடுத்து, ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். விட்டு வந்த செய்தி கேட்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லும் இடத்தில் அடக்கியவர் அவர்.

அவர் மேல் பாய்ந்தது கத்தி. நம் மேல் விழுவது ஒரு சொட்டுத் தண்ணீர். இன்று இரவு வீட்டில் அந்தச் சொட்டு விழும்போது, யார் சிந்தியது என்று தேடாதீர்கள். அடுப்பைக் கொஞ்சம் தணியுங்கள்.