காப்பவரைக் காக்கும் கடமை

துன்பத்தில் சிக்கியவனைக் காப்பது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நீதி நூல்கள் யாவும் அதனை ஒரே குரலில் வற்புறுத்துகின்றன. ஆனால், அவ்வாறு காக்கச் சென்றவனைக் காப்பது யார் கடமை? ஆபத்தையே தொழிலாக ஏற்றவன் அவன். அதற்கு ஊதியமும் பெறுகின்றான். ஆதலின் வருவதை அவனே தாங்கிக் கொள்ளட்டும் என்று நாம் அமைந்துவிடலாமா? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நெடுஞ்சாலையில் விபத்து நேரும் ஒவ்வொரு முறையும், அவ்வழியே வண்டியோட்டிச் செல்லும் ஒவ்வொருவரும் இதற்கு விடையளித்தே செல்கின்றனர். அவ்விடையைச் சொல்வது நாவன்று. வண்டியின் வேகத்தை ஆளும் கால்.

வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம் தொடங்கித் தெற்கே ஜொகூர் பாரு வரை நீள்வது மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் வரை செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 30 மீட்டரைக் கடக்கும். முன்னே ஏதோ தடை உள்ளதெனக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகுமெனின், அதற்குள் 45 மீட்டர் கழிந்துவிடும். வேகம் குறையத் தொடங்குவதே அதன் பின்னர்தான். உலர்ந்த சாலையிலும் வண்டி முற்றிலும் நிற்க 100 மீட்டருக்கு மேல் வேண்டும். மழை பெய்தால் அத்தொலைவு இன்னும் மிகும்.

இனி, அச்சாலையில் ஒரு கார் தலைகீழாய்க் கவிழ்ந்து கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். தீயணைப்பு மீட்புப் படையினர் நசுங்கிய கதவை வெட்டிக் கொண்டிருக்கின்றனர். மருத்துவ உதவியாளர் மண்டியிட்டுக் குருதியை நிறுத்த முயல்கின்றார். காவலர் ஒருவர் கைவிளக்கை அசைத்துப் போக்குவரத்தைத் திருப்பி விடுகின்றார். இழுவை வண்டியினர் சங்கிலியைப் பூட்டக் காத்திருக்கின்றனர். இவர்கள் அனைவரின் கவனமும் அடிபட்டவன்மேல் இருக்கிறது. சில மீட்டருக்கு அப்பால் வண்டிகள் காற்றைக் கிழித்துக் கொண்டு பாய்கின்றன. முதல் விபத்தைக் கவனிக்க வந்தவர்கள் இரண்டாம் விபத்துக்கு இரையாவது இவ்வாறுதான்.

மீட்புப் பணியில் ஆபத்து இயல்பே என்பர் சிலர். உண்மைதான். 2018 அக்டோபரில் பூச்சோங் அருகே கைவிடப்பட்ட ஈயக் குட்டையில் விழுந்த சிறுவன் ஒருவனைத் தேடி நீரில் இறங்கிய மீட்புப் படையினர் அறுவர் மூழ்கி உயிர் துறந்தனர். நாடே கலங்கியது. ஆயினும் இரண்டு வகை ஆபத்துகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். நீரின் சுழலுக்கு அறிவில்லை. அதனிடம் இரக்கத்தை எதிர்பார்க்க இயலாது. தீயும் வெள்ளமும் நச்சுப் புகையும் அத்தகையனவே. இவற்றை எதிர்கொள்ளவே அவ்வீரன் உறுதி பூண்டான். விபத்து நடந்த சாலையில் அவனை நோக்கிப் பாய்ந்து வரும் காரினுள் அமர்ந்திருப்பவனோ மனிதன், கண் உடையவன், வேகத்தைக் குறைக்க வல்லவன். அவனுடைய அவசரத்தையும் அலட்சியத்தையும் தாங்குவதாக எந்த மீட்பு வீரனும் உறுதி கூறவில்லை. இயற்கை தரும் ஆபத்தை ஏற்றவன்மேல், நாம் விளைவிக்கும் ஆபத்தையும் சுமத்திவிட்டு, அவனை 'மாவீரன்' என்று புகழ்வது நேர்மையாகுமா? அப்புகழ்ச்சி, நம் கடமையிலிருந்து நாமே தப்பித்துக் கொள்ளத் தேடிய வழியாகவே முடியும்.

இவ்விடத்தில் மற்றொரு வினா எழுகின்றது. உயிர்காக்கும் பணியாளர்க்கு அளிக்கப்படும் பயிற்சியில் முதற்பாடம், 'முதலில் உன் பாதுகாப்பை உறுதி செய்துகொள்' என்பது. பெரிய தீயணைப்பு வண்டியை, வாகனங்கள் வரும் திசையில் சாய்வாக நிறுத்தி அரணாக்குகின்றனர். வளைவுக்கும் மேட்டுக்கும் முன்னரே எச்சரிக்கைக் கூம்புகளை வரிசையாக வைக்கின்றனர். ஒளியைத் திருப்பித் தரும் மேலங்கி அணிகின்றனர். எதிர்வரும் ஓட்டுநரின் கண் கூசாதபடி இரவில் வேண்டாத விளக்குகளை அணைக்கின்றனர். இவற்றுக்குச் சிறிது நேரம் செலவாகும். அடிபட்டவன் துடிக்கையில் தம்மைக் காத்துக் கொள்வது தன்னலமன்றோ என்று தோன்றலாம். சற்றே ஆழ்ந்து நோக்கின் அத்தோற்றம் மறையும். மீட்க வந்தவனே வீழ்ந்தால் காயமுற்றோர் தொகை ஒன்று கூடும். உதவும் கைகள் இரண்டு குறையும். முதலில் அடிபட்டவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் பிளவுபடும். ஆகவே, அவன் தன் உயிரைப் பேணுவது பிறனுக்காகவே.

சாலையை எவ்வளவு மூடுவது என்பதும் எளிதில் தீரும் சிக்கலன்று. ஒரு தடத்தை மட்டும் மூடினால் பணியாளர்க்கு இடர். எல்லாத் தடங்களையும் மூடினால் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க நேரும். அவ்வரிசையின் இறுதியில் வேகமாக வந்து மோதுவோரும் உண்டு. எனவே, வேண்டிய அளவே மூடி, விரைந்து பணி முடித்து, சாலையைத் திறந்துவிடுவதே அறிவுடைமை. எனினும், இரண்டையும் தராசில் இடும்போது ஒன்றை மறத்தலாகாது. பலர் இழப்பது அரைமணி நேரம். அதனை வேறொரு நாளில் ஈடு செய்துகொள்ளலாம். ஒருவன் இழக்கக் கூடியது உயிர்; அதற்கு ஈடில்லை. எண்ணிக்கை மிகுதியால் வசதி உயிரைவிடப் பெரிதாகிவிடாது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1994இல், விபத்து நடந்த இடத்தில் பணியாற்றிய மருத்துவ உதவியாளர் ஒருவரை வண்டி ஒன்று மோதியது. தவறு அவருடையதே என்று அறிக்கை எழுதப்பட்டது. காக்கச் சென்றவரே குற்றவாளியானார்! அவர் மனம் தளராது முயன்றார். அதன் பயனாக 1996இல் அம்மாநிலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. விளக்கு மின்ன நிற்கும் அவசர வண்டியை அணுகுவோர் அடுத்த தடத்துக்கு விலக வேண்டும். இயலாதாயின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். 2012க்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களும் அத்தகைய சட்டத்தை இயற்றின.

சட்டம் நன்று. ஆயினும் அது வண்டியை விலக்குமேயன்றி மனத்தைத் திருத்தாது. திருக்குறளின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. இக்காலத்தில் அச்சொல்லை நாம் 'கருதும் முறை' என்ற பொருளில் வழங்குகின்றோம். வள்ளுவர் காலத்தில் அது இரக்கத்தைக் குறித்தது. பிறர் துயரைக் கண்ட கண், அவர்பால் ஓடி உருகுவதே கண்ணோட்டம். விபத்து நடந்த இடத்திலும் கண்கள் ஓடுகின்றன. எதிர்ப்புறச் சாலையில் செல்வோரும் வேகம் குறைத்து எட்டிப் பார்க்கின்றனர். கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கின்றனர். அவசரத் தடத்தில் புகுந்து, ஆம்புலன்சு வரும் வழியை அடைப்போரும் உண்டு. கண் ஓடுகிறது, அதனோடு நெஞ்சம் ஓடவில்லை. வேடிக்கை பார்க்கும் கண்ணுக்கும் இரங்கும் கண்ணுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை வகுப்பறையில் குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டினால், பழைய சொல் ஒன்று புத்துயிர் பெறும்.

உதவுதல் என்றாலே ஏதேனும் ஒன்றைச் செய்தல் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். விபத்து நடந்த இடத்தைக் கடந்து செல்வோருள் பெரும்பாலோர்க்குக் கதவை வெட்டும் கருவியும் இல்லை. குருதியை நிறுத்தும் பயிற்சியும் இல்லை. அவர்களால் இயன்ற உதவி வேகத்தைத் தணித்தல், விலகி வழிவிடுதல், பார்வையைச் சாலையில் நிறுத்துதல் ஆகியவையே. இவை எவராலும் போற்றப்படா. எந்த ஏட்டிலும் இடம்பெறா. வேகம் தணித்துச் சென்றவரின் முகத்தைக்கூட அந்த மீட்பு வீரன் காணமாட்டான். ஆயினும் பணி முடிந்து அவன் வீடு திரும்பும்போது, அத்திருப்பத்தில் முகம் தெரியாத அவருக்கும் பங்குண்டு. கைம்மாறு கருதாத அறம் என்று நம் முன்னோர் கூறியது இதனைத்தான்.