எழுதுவோன் கடன்: மலையகத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

எழுத விரும்பும் இளைஞர்க்கு மூத்தோர் வழங்கும் அறிவுரைகள் பல. நிறைய வாசி, நாள்தோறும் எழுது, எழுதியதைப் பலமுறை திருத்து என்பர். இவை எவர்க்கும் பொருந்துவன, மறுப்பதற்கில்லை. ஆயின், லயத்து வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதப் புகும் ஒருவன் இவற்றுக்கு முன்னதாக வேறொரு வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். பிறர் துயரை எடுத்து நாம் கதையாக்குகின்றோம். அத்துயருக்கு உரியவரிடம் நாம் பட்ட கடன் யாது?

சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்து வாழ்வு இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றோராக்கியது. 1954 இல் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி அவர் பாடிய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் நூலாயிற்று. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என 1969 இல் வெளிவந்தது. இடையே பதினைந்து ஆண்டுகள்! கூடை சுமந்த பெண்ணைப் பற்றிய பாட்டு அவளுக்கு விளங்காத மொழியில் இருந்தது. இதைக் குறையென்று கூற எனக்கு மனமில்லை. உரிமையைப் பறித்தவர்களின் காதில் விழவேண்டிய குரல், அவர்களுக்குப் புரியும் மொழியிலேதான் ஒலித்தாக வேண்டும். ஆனால் அவர் அதனோடு நின்றாரல்லர். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983 இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில், நூலுருப் பெற்றது. பேசியவர் கேட்கவும் செய்தார் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

தோட்டத்திற் பிறந்தவனே தோட்டத்தை எழுதலாம் என்று வாதிடுவோர் உளர். புதுமைப்பித்தன் இலங்கை மண்ணை மிதியாமலே ‘துன்பக்கேணி’யை எழுதினார், அக்கதை இன்றும் நம்மைச் சுடுகின்றது. அவ்வாறாயின் பிறப்பு மட்டும் தகுதியாகாது. உண்மையில், பிறந்துவிட்டோம் என்ற நம்பிக்கையிலேதான் நம்மிற் பலர் எதையும் கூர்ந்து பாராது எழுதிவிடுகின்றோம். பனி, அட்டை, கண்ணீர் என்ற மூன்றையும் கூட்டினால் மலையகக் கதை ஆகிவிடும் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது!

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அவ்வாறு கூட்டி எழுதப்பட்டதன்று. கொழுந்தெடுப்பையும் நிறுவையையும் அறிந்த ஒருவராலேயே அக்கதையை அமைத்திருக்க முடியும். பெரட்டுக் களம், தலையில் அழுந்தும் கூடைக் கயிறு, இடுப்பிற் சுற்றிய படங்கு, ஈரத்துக்கும் கூடைக்குமென நிறையிற் கழிக்கப்படும் அளவு ஆகியவற்றை எழுதுவோன் முதலில் கற்றுக்கொள்ளட்டும். அன்று றாத்தலில் கழித்தார்கள். இன்று கிலோவில் கழிக்கின்றார்கள். ஒரு நாட்பேர் அரைப்பேராகும் கணக்கு விளங்காதவனுக்கு ஒரு குடும்பத்தின் கோபம் விளங்காது.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு லயத்துக் காம்பராவில் அமர்ந்து அதை உரக்கப் படித்துக் காட்டுவது நன்று. வாசிக்கத் தெரியாதவருக்கும் கேட்கத் தெரியும். “மழை நாளிலே இவ்வளவு கொழுந்து வராது தம்பி” என்று ஒரு மூதாட்டி கூறினால், மறுபேச்சின்றித் திருத்திக்கொள்ள வேண்டும்.

எனினும், தகவலைத் திருத்தும் உரிமை வேறு, கதையைத் தடுக்கும் உரிமை வேறு. துரையையும் கங்காணியையும் சாடும்வரை லயம் தலையசைத்துக் கேட்கும். மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவன் சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அதை எழுதினால் அதே லயம் முகம் சுளிக்கும். “நம்ம வீட்டுச் சங்கதியை ஊருக்குச் சொல்லலாமா?” என்று கேட்கும். கேட்கட்டும், அக்கதையையும் அங்கேயே படிக்க வேண்டும். அவ்வேளை அவ்வீட்டுப் பெண் தலை நிமிராது அடுப்பையே கிளறிக்கொண்டிருப்பாள். படிப்பவன் உடனே எழுந்துவிடலாகாது. கணவன் வெளியே சென்ற பின்னர்தான் அவள் வாய் திறப்பாள்.