காணாதவருக்கும் கைப்பிடிச் சுவர்

2025 சனவரி 9 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த கனடா நாட்டுத் தீயணைப்பு விமானத்தின் இடது இறக்கையில் சிறிய ட்ரோன் ஒன்று மோதித் துளையிட்டது. விமானிகள் இருவரும் நலமாகத் தரையிறங்கினர். ஆனால் வீடுகள் எரிந்துகொண்டிருந்த அந்நாள்களில் விமானம் பறக்க இயலாமல் முடங்கியது.

தீயின் அழிவைக் காண விரும்பிய ஒருவர், வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து அதனை ஏவியிருந்தார். ஏறத்தாழ 2,500 மீட்டர் சென்ற ட்ரோன் அவர் பார்வையிலிருந்து மறைந்தது. பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தீய எண்ணம் இல்லையெனில் பழியும் இல்லையா? அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கிறது. முயன்றாலும் நீக்கவியலாத அறியாமைக்குப் பழியில்லை. முயன்றால் நீங்கக்கூடியதற்கு நாமே பொறுப்பு. அவ்வான்பகுதி தடைசெய்யப்பட்டிருந்ததை அவர் கேட்டறிந்திருக்கலாம். கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு ட்ரோனை அனுப்பாமலும் இருந்திருக்கலாம்.

புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும்; இல்லையேல், விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்கிறது இணைச்சட்ட நூல். விழப்போகிறவர் யாரென்று கட்டுபவர் அறியார். அறியாத அவருக்காகவே அச்சுவர். கண்ணில் படாத விமானியும் நம் அயலாரே.